மடங்கிக் கிடந்த விரல்கள்

சென்னியப்பன் முதன்முதலாக ஒரு பறவையின் எலும்புக்கூட்டை நின்று பார்த்தபோது அவனுக்கு முப்பத்து நான்கு வயது. அது எழுபத்தாறாம் வருசம். புதுச்சத்திரத்துக்கு மேற்கே இருந்த உயர்நிலைப் பள்ளியில் அவன் ஓவிய வாத்தியார். சேலத்தில் ஒரு கல்லூரி அறிவியல் கண்காட்சி வைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, தலைமையாசிரியர் பெரிய வகுப்புப் பிள்ளைகளை அவனோடு பஸ் ஏற்றி அனுப்பினார்.

பிள்ளைகள் பாட்டிலில் ஊறிய பாம்பைச் சுற்றிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவன் மட்டும் மூலையில் இருந்த ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டான். உள்ளே ஒரு புறா. இறகு இல்லை, தோல் இல்லை, சதை இல்லை. எலும்பு மட்டும் நின்றது. நெஞ்சில் ஒரு எலும்பு படகின் அடிப்பாகம் போலக் கூர்மையாக இறங்கியிருந்தது. கழுத்தெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வளைந்து, மேலே அந்தச் சின்ன மண்டையைத் தூக்கிப் பிடித்திருந்தன. பன்னிரண்டு வருசமாகக் கரும்பலகையில் இரண்டு வளைவும் ஒரு மூக்கும் போட்டு 'இது புறா' என்று சொல்லிக்கொடுத்தவன். உள்ளே இப்படி ஒன்று இருக்கிறதென்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

"தொடாதீங்க சார், கழுத்து கழண்டுக்கும்" என்றான் பின்னால் நின்றவன். காக்கிச் சட்டை, இருபத்தைந்து வயதிருக்கும். ஆய்வுக்கூடத்து உதவியாள். பெயர் பச்சமுத்து.

"இதை யாருங்க செஞ்சது?"

"நாந்தானுங்க சார்."

"எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

பச்சமுத்து சிரித்தான். "டிராயிங் வாத்தியாருக்கு எதுக்குங்க சார் இந்த நாத்தம் புடிச்ச வேலை?"

அடுத்த சனிக்கிழமை சென்னியப்பன் மறுபடியும் பஸ் ஏறி அந்த ஆய்வுக்கூட வாசலில் போய் நின்றான். தன்னைவிட ஒன்பது வயது சின்னவனிடம் கைகட்டிப் பாடம் கேட்பதில் அவனுக்கு வெட்கம் இருக்கவில்லை.

ஆரம்பமெல்லாம் தோல்விதான். கரண்டுக் கம்பிக்குக் கீழே விழுந்து கிடந்த ஒரு மைனாவை எடுத்துவந்து தகர டப்பாவில் போட்டுக் கொதிக்க வைத்தான். கடைசியில் கையில் வந்தது ஒரு பிடி குச்சி. எது விலா, எது விரல் என்று தெரியவில்லை. காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது பச்சமுத்து தலையில் அடித்துக்கொண்டான்.

"சின்ன உருப்படியக் கொதிக்க வெச்சா கஞ்சிதான் சார் கெடைக்கும். எலும்பை எலும்போட கட்டிப் புடிச்சிருக்கற நரம்பு ஒண்ணு இருக்குது பாருங்க, அதை உட்டுட்டுச் சதையை மட்டும் எடுக்கணும். அவசரப்பட்டா ஒண்ணும் ஆகாது."

அடுத்ததை ஓட்டை போட்ட டப்பாவில் அடைத்து எறும்புப் புற்றருகே வைத்தான். எறும்புகள் சதையைச் சுத்தமாகத் தின்றுவிட்டு, பொடிப்பொடி விரலெலும்புகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டன. அதற்குப் பிறகுதான் பச்சமுத்து கருவாட்டு வண்டைப் பற்றிச் சொன்னான். சந்தையில் கருவாட்டுக் கடைக்காரம்மாளிடம் போய், புழு வைத்த கருவாடு வேண்டும் என்று கேட்டபோது அவள் இவனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தக் கருவாட்டில் இருந்த வண்டின் மயிர்ப்புழுக்கள் காய்ந்த சதையை மட்டும் தின்றன. நரம்பின் பக்கம் வருவதற்குள் அவற்றை உதறிவிட வேண்டும். ஒருநாள் பிந்தினாலும் மொத்தமும் கழன்று விழும். பிறகு எண்ணெய்ப் பசை போகப் பெட்ரோலில் ஊறவைப்பது, வெளுக்க மருந்துக்கடையில் காயம் கழுவ விற்கும் நுரைமருந்தில் முக்குவது, காய்ந்த கத்தாழைத் தண்டில் குண்டூசி குத்தி உடம்பை நிறுத்துவது. முதுகெலும்புக்குள் ஓட்டுவதற்கு மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து மெல்லிய செம்புக் கம்பி கொண்டுவந்தான்.

இதெல்லாம் நடந்தது அவன் தோட்டத்துக் கிணற்றோரம் இருந்த மோட்டார் ரூமில். அவன் மனைவி சௌந்திரம் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஊட்டுக்குள்ள ஒரு எலும்பு வரக்கூடாதுங்க. என்ற சட்டி பானை எதையும் தொடக்கூடாது. தலைக்குத் தண்ணி ஊத்திட்டுத்தான் உள்ள வரோணும்."

"சரி."

"உசுரோட இருக்கறதை எதாச்சும் பண்ணுனீங்கன்னா நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன்."

"தானாச் செத்ததைத் தவிர வேற எதையும் தொடமாட்டேன்" என்று அவன் வாக்குக் கொடுத்தான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தான்.

சொன்னாளே ஒழிய, அவளுக்கும் அதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பொழுதோடு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வரும்போது மோட்டார் ரூம் நிலைப்படியில் நின்று எட்டிப் பார்ப்பாள். காட்டில் எது எங்கே செத்துக் கிடந்தாலும் அவள் கண்ணுக்குத்தான் முதலில் படும். அவன் மாதக் கணக்கில் பாடுபட்டு ஒரு கரிச்சான் குருவியை நிறுத்தி வைத்திருந்தபோது அவள் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாஞ் சரி. கழுத்தைக் கொஞ்சம் சாய்ச்சு வைங்க. அது ஒருக்கண்ணுலதான் பாக்கும்."

அவன் கழுத்தைச் சாய்த்தான். எலும்புக் குவியலாக நின்றது சட்டென்று ஒரு கரிச்சானாகிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு சேலம் போனபோது பச்சமுத்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "நான் செய்யறது பாடத்துக்கு. இது வேற சார்" என்றான்.

அந்தச் சொல்தான் சென்னியப்பனின் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

எழுபத்தெட்டாம் வருசம் மே மாதம் ஓவிய ஆசிரியர்களுக்கென்று சேலத்தில் ஒரு கலைக் கண்காட்சி நடக்கப்போவதாக முந்தின கார்த்திகையிலேயே சுற்றறிக்கை வந்தது. அவன் மனதில் ஒரே ஒரு காட்சி இருந்தது. முற்றிய சோளக்கதிர் ஒன்று. யாரோ கல்லெறிந்ததுபோல அதிலிருந்து ஒரு கூட்டம் தினைக்குருவி எழும்புகிறது. சில குருவி இன்னும் கதிரை விடவில்லை, சில இறக்கையை விரித்தது விரித்தபடி. எல்லாம் எலும்பில். நோட்டில் வரைந்து வரைந்து பார்த்தான். அதற்கு முப்பது குருவியாவது வேண்டும். தானாகச் செத்ததை மட்டும் எடுப்பதென்றால் பத்து வருசம் ஆகும். அவனிடம் இருந்தது மூன்று.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் காலை, பல் விளக்கிக்கொண்டே வரப்பில் நடந்தவன் அப்படியே நின்றான். அவன் தோட்டத்தை ஒட்டி இருந்தது சௌந்திரத்தின் அண்ணன் காளியண்ணனின் மூன்று ஏக்கர் சோளக்காடு. அதன் ஓரத்தில் தினைக்குருவிகள் கிடந்தன. பத்து, பதினைந்து. ஒரு காயம் இல்லை, ஒரு இறகு உதிரவில்லை.

அந்த நேரத்தில் அவனுக்கு வந்தது சந்தோசம். அதைப் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறான். திகைப்போ பரிதாபமோ வரவில்லை. லாட்டரி விழுந்தவனுக்கு வருமே, அப்படி ஒரு சந்தோசம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

மோட்டார் ரூமில் முதல் குருவியை அறுத்தபோதே விசயம் தெரிந்துவிட்டது. தொண்டைப் பையில் இருந்த தானியம் ஈரமாக, ஒரு மாதிரி நிறமேறி இருந்தது. மூக்கில் ஏறிய வாடையும் அவனுக்குத் தெரிந்த வாடைதான். பருத்திக்கு மருந்தடித்த கை அவனுடையது. இன்னொன்றையும் கவனித்தான். எல்லாக் குருவிகளின் கால்விரல்களும் இறுகி மடங்கிக் கிடந்தன, குழந்தை முட்டியை மூடிக்கொள்வதுபோல. தானாகச் செத்த பறவைக்குக் கால் இப்படி இருப்பதில்லை. விரித்து நிறுத்துவதற்காக ஒவ்வொரு விரலையும் வெந்நீரில் நனைத்து, நரம்பு அறுந்துவிடாமல் நிமிர்த்த வேண்டியிருந்தது.

அன்று பொழுதோடு காளியண்ணனைப் பார்க்கப் போனான். அவர் இவனைவிட நாலு வயது மூத்தவர். கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"சோளத்துல மருந்து கலந்து வெச்சிருக்கறீங்களா மச்சான்?"

காளியண்ணன் ஒளிக்கவில்லை. "பின்ன என்னங்க மாப்ளே பண்றது? காவலுக்கு ஆள் போட்டும் பாதிக் கதிர் போச்சு. ஓரமா தூவி வெச்சிருக்கறேன். இன்னம் நாலு நாளு. அறுத்துட்டா ஆச்சு."

"யாருக்காச்சும் சொல்லிப்போடறதுதானுங்களே?"

"சொன்னா, கோழி செத்துப்போச்சு நாய் செத்துப்போச்சுன்னு ஊரே சண்டைக்கு வரும். நீங்களும் வாயைத் தொறந்துராதீங்க. தங்கச்சிகிட்டக்கூட."

சென்னியப்பன் கேட்டான்: "செத்து உழுகறதை நான் எடுத்துக்கட்டுங்களா?"

"தாராளமா" என்றார் காளியண்ணன். இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

மூன்று நாளில் நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. எட்டிப் பார்த்த சௌந்திரத்திடம் பனிக்குச் செத்தவை என்று சொல்லிவைத்தான். நான்காம் நாள் காலை எட்டு மணிக்குத் தகர டப்பாவில் ஏழெட்டுக் குருவிகளோடு ஓடைத் தடத்தில் வந்துகொண்டிருந்தான். எதிரே கருப்பண்ணன் வந்தான். ஓடைக்கு அக்கட்டப் பத்துப் பன்னிரண்டு குடிசைகள். அதில் ஒன்றில் பெண்டாட்டி சின்னாயியோடும் ஆறு வயது மகளோடும் இருப்பவன். காளியண்ணனின் பண்ணையத்துக்கு வருசம் பூராவும் வேலைக்குப் போவான். இவனைக் கண்டதும் தோளில் இருந்த துண்டு மூட்டையை இறக்கி இடுப்போடு அணைத்துக்கொண்டான். துண்டுக்கு வெளியே நாலைந்து தவிட்டுப்புறாக்களின் கால் நீட்டிக்கொண்டிருந்தது.

"புறாவாட்ட இருக்குது?"

"ஆமாங்க வாத்தியாரே. கண்ணி வெச்சேனுங்க."

பொய். பண்ணாடி காளியண்ணனின் காட்டோரம் கிடந்ததைப் பொறுக்கினேன் என்று சொன்னால் எங்கே திட்டு விழுமோ என்று சொன்ன பொய். சென்னியப்பனுக்கு அது புரிந்தது. ஏனென்றால் அவன் பார்வை அந்தக் கால்களில் விழுந்திருந்தது. கண்ணியில் மாட்டிய பறவை காலை உதைத்து உதைத்துத் தோல் உரிந்து போயிருக்கும். இந்தக் கால்களில் ஒரு கீறல் இல்லை. விரல்கள் மட்டும் இறுகி மடங்கிக் கிடந்தன.

பார்த்தான். பார்த்தவன் ஒரு கணம் நின்றான். வாய் வரைக்கும் வந்தது. கூடவே மச்சான் சொன்னதும் வந்தது. டப்பாவில் இருப்பது வெயில் ஏறினால் கெட்டுவிடும் என்பதும், ஒன்பதரைக்குப் பள்ளிக்கூட மணி அடித்துவிடும் என்பதும் வந்தது. கண்ணி என்கிறானே, கண்ணியாகவே இருக்கட்டும் என்று மனசு ஒரு வழி சொன்னது. பொழுதோடு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று இன்னொரு வழி சொன்னது.

"சரி, போ" என்றான்.

அன்று பள்ளிக்கூடத்தில் இரண்டு தடவை அந்த நினைப்பு வந்தது. எட்டாம் வகுப்பில் பூசணிக்காய் வரையச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் நின்றபோது ஒரு தடவை. மத்தியானம் தூக்குப்போசியைத் திறந்தபோது ஒரு தடவை. மாலை வீடு திரும்பியவன் ஓடைப் பக்கம் போகத்தான் சைக்கிளைத் திருப்பினான். ஆனால் மோட்டார் ரூம் வழியில் இருந்தது. காலையில் அவசரமாக வைத்துவிட்டுப் போன குருவிகளை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று இறங்கினான். இரண்டில் தோல் ஊத ஆரம்பித்திருந்தது. கத்தியை எடுத்தவன் நிமிர்ந்தபோது இருட்டிவிட்டது.

மறுநாள் காலை, பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க்காரம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. கருப்பண்ணன் செத்துப்போனான். வாந்தியும் பேதியுமாக ஆரம்பித்து, வாயில் நுரை தள்ளி, வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. சின்னாயிக்கும் மயக்கம், ஆனால் பிழைத்துக்கொண்டாள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை.

வாந்திபேதி என்று ஊர் முடிவு கட்டியது. இரண்டு நாள் கழித்துச் சுகாதாரத்துக்காரர்கள் வந்து குடிசைகளின் கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள். பள்ளிக்கூட மேட்டில் இருந்து பார்த்தால் அந்தக் கிணறு தெரியும். வெள்ளைப் பொடி வாளி வாளியாக உள்ளே போவதைச் சென்னியப்பன் பார்த்துக்கொண்டு நின்றான். கிணற்றில் ஒன்றும் இல்லை என்பது அந்த ஊரில் இரண்டு பேருக்குத் தெரியும். காளியண்ணன் அன்றே மிச்சமிருந்த தானியத்தை மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டார். இவனிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "போனவன் போயிட்டான். நாம பேசி எந்திரிச்சு வரப்போறதில்லை." அந்த வார்த்தை சென்னியப்பனுக்கு அப்போது சௌகரியமாக இருந்தது.

குருவிகளை அவன் தூக்கி எறியவில்லை. எறிந்துவிட்டான் என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். நாலு மாதம் ராப்பகலாக உட்கார்ந்து முடித்தான். அந்த நாலு மாதத்தில் அவன் கை பழகியதுபோல அதற்கு முன் எப்போதும் பழகியதில்லை.

சேலம் கண்காட்சியில் மற்ற ஆசிரியர்களின் இயற்கைக் காட்சிகளுக்கும் தஞ்சாவூர்ப் படங்களுக்கும் நடுவில் அந்தக் கண்ணாடிப் பெட்டி இருந்தது. ஒரே ஒரு சோளக்கதிர், அதிலிருந்து எழும்பும் முப்பத்தெட்டுக் குருவிகள். ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டு நின்றார்கள். ஒரு அம்மாள், "சத்தங்கூடக் கேக்கறாப்பல இருக்குதுங்க" என்றாள். சௌந்திரம் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். முதல் பரிசு அறிவித்துப் பொன்னாடை போர்த்தினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு பச்சமுத்து வந்தான். மண்டியிட்டுக் கண்ணாடியில் மூக்கு உரச வெகுநேரம் பார்த்தான். எழுந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அத்தனையும் ஒரே வயசுக் குருவி. ஒரே வாரத்துச் சாவு. கால்வெரலெல்லாம் நனைச்சு நிமித்தியிருக்குது" என்றான் மெதுவாக. "இத்தனை குருவி ஒரே சமயத்துல எப்படிங்க சார் செத்துச்சு?"

"மின்னல் உழுந்துச்சு" என்றான் சென்னியப்பன்.

பச்சமுத்து தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு அவன் கடிதம் போடவும் இல்லை, இவன் அந்த ஆய்வுக்கூடத்துக்குப் போகவும் இல்லை. பெட்டியை யாரோ ஒரு பெரியவர் தம் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டார். கொடுத்துவிட்டான். அடுத்த வாரம் மோட்டார் ரூமைக் கழுவிவிட்டு உரமூட்டை அடுக்கினான். ஏன் என்று சௌந்திரம் கேட்டாள். கண் சரியாகத் தெரிவதில்லை என்றான்.

எட்டு வருசம் போயிற்று. சோளம் விதைத்த காடுகளில் எல்லாம் கோழிப்பண்ணை எழும்பியது. காளியண்ணனும் அந்த மூன்று ஏக்கரில் நீளநீளமாகக் கொட்டகை போட்டு, நாமக்கல்லுக்கு முட்டை ஏற்ற ஆரம்பித்தார். சென்னியப்பன் ஒருநாள் முட்டை வாங்கப் போனபோது, பொம்பளையாட்கள் கொட்டகை நிழலில் சோறு தின்ன உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி எல்லோருக்கும் குழம்பு ஊற்றப் போசியோடு எழுந்தாள். சின்னாயி. தலை பாதி நரைத்திருந்தது. பக்கத்தில் இருந்தவள் தட்டை இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாஞ் சாமி. உன்ற கைக் கொழம்புக்கு ஒரு உசுரு போனது போதும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். பழகிப்போன கேலி. சின்னாயியும் பழகிப்போனவள் மாதிரி போசியை மூடி வைத்துவிட்டு, தள்ளிப் போய்த் தனியாக உட்கார்ந்தாள்.

சென்னியப்பன் முட்டை வாங்காமலே வீடு திரும்பினான். மறுநாள் அவள் வேலை முடிந்து வரும் தடத்தில் காத்து நின்றான்.

"சின்னாயி, அவங்க எதுக்கு அப்படிச் சொல்றாங்க?"

அவள் முதலில் சொல்ல மறுத்தாள். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அன்னிக்குப் புறா உரிக்கறப்பவே ஒரு வாடை அடிச்சுதுங்க. எனக்குத் தெரிஞ்சுது. புள்ள பசியில அழுதுச்சு, ஊட்டுல வேற ஒண்ணுமில்லீங்க. ரெண்டு கை மஞ்சத்தூளு போட்டுக் கழுவி ஆக்கிப்போட்டேன். ஆக்கி முடிக்கறதுக்குள்ள புள்ள தூங்கிப்போச்சு. அவரு நல்லாத் தின்னாருங்க. நான் எலும்பைக் கடிச்சேன், அவ்வளவுதான். வாடை அடிச்சுதுன்னு எழவுல அழுதுட்டே வாயுட்டுச் சொல்லிப்போட்டேனுங்க. அதைப் புடிச்சுக்கிட்டாங்க. தெரிஞ்சே போட்டுக் கொன்னுட்டாள்னு அவரண்ணன் புள்ளையை வாழப்பாடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அது இப்ப என்ற மூஞ்சியப் பாக்கறதில்லை."

கையை விரித்துப் பார்த்துவிட்டு, "என்ற கையாலதானுங்களே போச்சு" என்றாள்.

சென்னியப்பன் எல்லாவற்றையும் சொன்னான். மருந்து கலந்த சோளத்தை, காளியண்ணனோடு பேசியதை, ஓடைத் தடத்தில் அந்தக் கால்களைப் பார்த்ததை. 'சரி, போ' என்று தான் சொன்னதை. சொல்லி முடித்தபோது அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் பக்கத்தில் இருந்த வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"எட்டு வருசம்" என்றாள் கடைசியில். "எட்டு வருசமா நீங்க இந்தத் தடத்துலதானுங்களே போயிட்டு வந்துட்டு இருந்தீங்க?"

அவள் வேலிக்கல்லை விட்டு நிமிர்ந்தாள்.

"எங்கிட்டச் சொல்லி என்னுங்க பண்றது? என்ற புள்ளைகிட்ட வந்து சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து சௌந்திரத்திடம் சொன்னான். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அண்ணன் பேரை உட்டுட்டுச் சொல்ல முடியாதுங்களா?" என்று ஒருமுறை கேட்டாள். அவன் முடியாது என்று தலையசைத்தான். "அப்படின்னா போயிட்டு வாங்க" என்றாள். முகத்தை மட்டும் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனும் சின்னாயியும் சேலம் போய், பஸ் மாறி வாழப்பாடிக்குப் போனார்கள். சின்னாயி முன்பக்கம் பொம்பளைகள் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். வழி முழுக்க ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கருப்பண்ணனின் அண்ணன் கந்தன், சின்னாயியைக் கண்டதும் கயிற்றுக் கட்டிலில் இருந்து எழுந்தான். கூட வந்தவனின் வெள்ளைச் சட்டையைப் பார்த்துத்தான் குரலை அடக்கிக்கொண்டான். வீட்டுக்குள்ளிருந்து பதினாலு வயதுப் பெண் எட்டிப் பார்த்தாள். பெயர் செல்லி. தகப்பனின் நெற்றி அப்படியே இருந்தது.

சென்னியப்பன் நின்றபடியே சொன்னான். உட்காரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஒரு வரியைக்கூட விடவில்லை. காளியண்ணன் பெயரைச் சொன்னான். அதைவிடக் கஷ்டமாக இருந்தது குருவிகளைப் பற்றிச் சொல்வது. எதற்காக அவை வேண்டியிருந்தன என்று சொல்ல ஆரம்பித்தபோது அவனுக்கே அது கிறுக்குத்தனமாகக் கேட்டது.

"அடிக்கணும்னு கை வருது" என்றான் கந்தன். "அடிச்சு என்னா ஆவப்போவுது. நானே இவளை எத்தினியோ பேசிட்டேன்."

செல்லி வாசலுக்கு வந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. இவனைத்தான் பார்த்தாள்.

"எங்கம்மாவை எல்லாரும் பேசறப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

ஒன்றும் தெரியாது என்று சொல்ல ஒரு வழி இருந்தது. கேலி அவன் காதில் விழுந்தது போன வாரம்தானே. ஆனால் அந்தக் குடிசைப் பக்கம் எட்டு வருசம் காதைத் திருப்பாமல் இருந்தது யார்?

"அங்கதாம்மா இருந்தேன்" என்றான். "பக்கத்துலயேதான் இருந்தேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். சின்னாயி வாசற்படியில் உட்கார்ந்தாள். "நீங்க போங்க. நான் இருந்து பாத்துட்டு வாரேன்" என்றாள். அவன் பஸ் நிலையத்துக்கு நடந்தான்.

செல்லி உடனே அம்மாவோடு வந்துவிடவில்லை. சின்னாயிதான் அடுத்த மாதம் வாழப்பாடிக்குக் குடிபோனாள். இங்கே காளியண்ணன் அவளை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார். பக்கத்துத் தெருவில் ஒரு சின்னக் குடிசையில் இருந்துகொண்டு காட்டு வேலைக்குப் போவதாகவும், மகள் எப்போதாவது வந்து உட்கார்ந்துவிட்டுப் போவதாகவும், பேச்சு இன்னும் சரியாக வரவில்லை என்றும் ஓடைக்கு அக்கட்ட இருந்தவர்கள் சொன்னார்கள். கந்தன் போலீசில் எழுதிக் கொடுத்தான். எட்டு வருசத்துக்கு முந்தின சாவு, எரித்த உடம்பு, ஒன்றும் நிற்கவில்லை. சென்னியப்பன் ஸ்டேசனில் தான் சொன்னதற்குக் கையெழுத்துப் போட்டான்.

அந்தக் கையெழுத்தோடு மச்சான் வீட்டு உறவு அறுந்தது. தை மாதம் காளியண்ணன் மகளுக்குக் கல்யாணம். கொட்டுமேளம் இவர்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் கோவிலுக்குப் போயிற்று. பத்திரிகை வரவில்லை. அத்தைக்காரியான சௌந்திரம் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, மேளச் சத்தம் தேயும்வரை நின்றாள். அவளுக்கு அதில் இருந்த உரிமையெல்லாம் சென்னியப்பனுக்குத் தெரியும். சமாதானமாக ஏதாவது சொல்லலாம் என்று பக்கத்தில் போனான்.

"என்னை உட்டுட்டுக் கண்ணாலம் நடக்குதேன்னு நான் நிக்கலீங்க" என்றாள் அவள், கதவைச் சாத்தாமலே. "அன்னிக்குக் காலையில கருப்பண்ணனைப் பாத்துட்டு நீங்க டப்பாவோட ஊட்டைத் தாண்டித்தானுங்களே போனீங்க. நான் வாசல் கூட்டிட்டு இருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கூட்டுமாத்தைப் போட்டுட்டு நான் ஓடியிருப்பேனுங்களே. ஓடை என்ன, தூரமா?"

சென்னியப்பன் வாசலைப் பார்த்தான். அங்கிருந்து ஓடைத் தடம் முழுக்கத் தெரிந்தது. அந்தக் குடிசைகள் இருந்த மேடும் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.